ஒரு கால் கரையில்

படகில் நின்றால் ஒன்றுமில்லை.
கரையில் நின்றாலும் ஒன்றுமில்லை.
கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு
ஒரு காலை ஈரச் சிமெண்டில் வைக்கும்போதுதான்
சுரீர் என்கிறது
விடிவெள்ளி மாதா.

முதலில் கண்டது பிலோமியா.
கம்பியைப் பிடித்தபடி ரெமிஜியுஸ் குனிய,
தூக்குச்சட்டி கைமாறிய நொடியில்
ரெண்டு பேருக்கும் அடித்திருக்கிறது.
நீ தள்ளினே, நீரு இழுத்தீரு என்று
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள் குழம்பு கடலுக்குள் போனதும்
திசையன்விளைக்குப் போன் வந்தது.

கூட்டப்பனையில் என் பெயர் ஒரு தமாஷ்.
அணைஞ்சபெருமாள்.
'கரண்டுக்காரனுக்கு வச்சிருக்கான் பாரு பேரு.'
நானும் சிரித்துக்கொண்டுதான் பையைத் திறந்தேன்.

தடைக்காலம். என்ஜின் ஓடாது.
பேட்டரி சாகாமலிருக்க
வலைக்கூடத்துப் பெட்டியிலிருந்து மஞ்சள் வயர்
நண்டு வளைகளைத் தாண்டி அறுபது மீட்டர்
மணலில் ஊர்ந்து படகேறுகிறது.
கரையில் இருநூற்று இருபத்தெட்டு.
படகில் இருநூற்றுப் பத்தொன்பது.
நடந்த களைப்பு. அது குற்றமில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன்.
லைட், வாக்கிடாக்கி, போன் சார்ஜர்,
மாதா படத்துச் சீரியல் பல்பு.
அதுக்குமா என்றார்.
அதுக்கும்தான்.
டெஸ்டரைக் கம்பியில் வைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாகச் செருகினோம்.
லைட்: இருட்டு.
மாதா: இருட்டு.
பேட்டரி சார்ஜரைச் செருகியதும்
டெஸ்டருக்குள் ஒரு சிவந்த கண் திறந்தது.

மூடியைக் கழற்றினால்
சுருள் முழுக்க உப்பு பூத்துக் கிடந்தது.
'புதுசு வாங்கிட்டாப் போச்சு, அம்புட்டுத்தானவே.'
அம்புட்டு இல்லை.
கசிவது ஒரு குற்றம்.
கசிந்தது போக வேறு வழியில்லாமல்
மனுசன் வழியாகப் போவது இன்னொன்று.

குண்டு பல்பின் ஒரு முனையை ஃபேஸில் வைத்து
மறுமுனையை எர்த்தில் வைத்தேன்.
எரிந்திருக்க வேண்டும்.
பிளக்கில் களிம்பு. சுரண்டினேன். எரியவில்லை.
பச்சை வயரை முனைக்கு முனை பார்த்தேன்.
மீட்டர் கூவியது. வயர் யோக்கியம்.

மிச்சம் கரைதான்.

வயரோடு கூடவே நடந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன்.
ரெண்டு பல்லி முட்டை.
அதற்குப் பின்னால்
எங்கேயும் சேராமல் மடக்கி வைத்த பச்சை,
ஏழு சுற்று டேப்,
கடைசி முனை இடப்பக்கம் மடிந்து
நாக்கு மாதிரி.

அப்படி மடிக்கிறவன்
இந்தப் பக்கத்தில் ஒருத்தன்தான்.

நாலு வருசம் முன்னால்
கொடியேற்றத்துக்கு முந்தின ராத்திரி.
லைட்டு எரிஞ்சாப் போதும்ல என்றார்கள்.
எர்த் குழியைப் பிறகு தோண்டலாம் என்று நான் சொன்னேன்.
எரிந்தது.
பத்து நாளும் நன்றாகத்தான் எரிந்தது.

'எவன் பாத்த வேலை?'
முதுகுக்குப் பின்னால் ரெமிஜியுஸ்.
'அவசரத்துல பாத்தது' என்றேன்,
எழுவாய் இல்லாமல்.

ஆறடிக்குத் தோண்டினோம். குழாய் இறக்கினோம்.
கரியும் உப்பும் வாங்கி வரச் சொன்னதும்
கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'உப்புமா கடையில?'

பல்பு எரிந்தது.
உச்சி வெயிலில் தெரியவில்லை,
நாலு கைகளால் நிழல் கட்டிப் பார்த்தோம்.

கூலிச் சீட்டில் குழியை எழுதவில்லை.
பிலோமியா சீட்டை வாங்கிப் பார்த்தாள்.
நான் புதிதாகச் சுற்றியதைப் பார்த்தாள்,
இடப்பக்கம் தொங்கும் நாக்கை.
மணலில் கிடந்த பழைய டேப்பைக்
கால் விரலால் புரட்டினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.
பழைய சார்ஜரைத் திரும்ப மாட்டச் சொன்னாள்.
என்னைப் படகில் ஏறி
கம்பியைப் பிடிக்கச் சொன்னாள்.
ஈரச் சிமெண்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று
தூக்குச்சட்டியை நீட்டினாள்.

'பிடியும்.'